எங்கள் வீட்டு ஜூமரும் அவர் வீட்டு ஜூமரும்

நான் மறக்கிற ரகம் இல்லை. அடுப்பில் பால் வைத்ததை மறப்பேன். கம்பெனி அடையாள அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து, கேட்டில் செக்யூரிட்டியிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். ஆனால் ஒருவர் என்னை அவமானப்படுத்தியதை மட்டும் மறக்கவே மாட்டேன். புது வீடு கட்டி முடித்ததும் ஹாலுக்கு ஒரு ஜூமர் வாங்கியே தீருவேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றதற்கு அதுதான் காரணம். வீட்டுக்காரரிடம் அழகுக்காக என்று சொன்னேன். அது பொய். ஒருவர் என் வீட்டுக்கு வந்து அதை அண்ணாந்து பார்க்க வேண்டும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு பேர் முன்னால் அவர் முகம் தொங்கிப்போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஜூமர் என்றால் சரவிளக்கு. ஆம்பூர் கடைவீதியில் உருது பேசுகிற பாய்கள் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். சுற்றியிருக்கிற கிராமங்களில் நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

நான் ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். மாதனூர் பக்கத்து ஊர்களிலிருந்து காலையில் எங்களை அள்ளிக்கொண்டு போகிற கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டு எனக்கு என்று எழுதாத சட்டம். லைனில் தைத்து வருகிற ஷூவின் மேல்தோல் என் மேஜைக்கு வரும். தையல் விட்டிருக்கிறதா, தோலில் கீறல் உண்டா, இடது காலும் வலது காலும் ஒரே நிறமா என்று பார்த்து அனுப்புவேன். எனக்கு வேலை என்பது குறை கண்டுபிடிப்பதுதான். வீட்டிலும் அதையே செய்கிறேன் என்று வீட்டுக்காரர் சொல்வார்.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் லைனுக்கு ஒரு சூப்பர்வைசர் இருந்தார். சார் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். பெயரைச் சொல்லி அவருக்கு விளம்பரம் செய்ய எனக்கு விருப்பமில்லை. டார்கெட் முடிந்தால் மேனேஜரிடம் "நான் முடிச்சேன் சார்" என்பார். ஒரு ஜோடி திரும்பி வந்தால் "இந்தப் பொம்பளைங்க வேலை சார்" என்பார். ஒரே வாய்தான், இரண்டு வேலையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

அவர் ஆம்பூரில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தார். எங்கள் லைனில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் எல்லோரும் சேர்ந்து ஒரு பொருள் எடுத்துக் கொடுப்பது வழக்கம். மிக்ஸி கொடுக்கலாம் என்றாள் ஒருத்தி. சுவர்க் கடிகாரம் என்றாள் இன்னொருத்தி. ஹால் பெரிதாகக் கட்டியிருக்கிறாராம், ஜூமர் கொடுத்தால் நம் பெயர் சொல்லி எரியும் என்று யாரோ சொல்ல, அதுவே முடிவானது. செக்கிங்கில் இருப்பவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று என்னைத் தேர்ந்தெடுக்க அனுப்பினார்கள். என் மேஜைக்கு முன்னால் தைக்கிறவள் எனக்கு தோஸ்த்து. அவளும் கூட வந்தாள்.

அந்த மனுஷர் மேல் எனக்குப் பிரியம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் வேலை என்று கையில் எடுத்தால் எனக்கு அரைகுறையாகச் செய்ய வராது. பாய் கடையில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன். ஒற்றை வளையத்தில் கண்ணாடிச் சொட்டுகள் தொங்குகிற ஒரு ஜூமரை இறக்கச் சொல்லி, ஒவ்வொரு சொட்டாகக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குமிழி இருந்ததை ஒதுக்கினேன், விளிம்பு உடைந்ததை ஒதுக்கினேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டு "இது ஷூ இல்லம்மா, லைட்டு" என்றார். கடைசியில் அவரே உள்ளே போய் இன்னொரு பெட்டியை உடைத்து நல்ல சொட்டுகளாக எடுத்துக் கொடுத்தார்.

பிறகுதான் எங்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு புத்தி வந்தது. கடைப் பெட்டி நசுங்கியிருக்கிறது என்று, கம்பெனியில் கேட்டு ஒரு புது அட்டைப்பெட்டி வாங்கினோம். வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஷூவைச் சுற்றுகிற மெல்லிய தாளில் சொட்டுகளைத் தனித்தனியாகச் சுற்றினோம், ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம்கூட உள்ளே போட்டோம். டேப்பு ஒட்டியதில் ஒரு சுருக்கம் கிடையாது. ஜெர்மனிக்கே அனுப்பலாம். ஆனால் பெயர் எழுதவில்லை. ஊரில் ஒரு டம்ளர் அன்பளிப்புக் கொடுத்தாலும் அதன் வயிற்றில் பெயரைக் குத்தித்தான் கொடுப்பார்கள். எங்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை. காலமெல்லாம் நாங்கள் கட்டி அனுப்புகிற பெட்டியில் எங்கள் பெயர் இருந்ததே இல்லை, கை அதற்கே பழகிவிட்டது. விசேஷத்தன்று எரியட்டும் என்று முந்தின வாரமே கம்பெனியில் வைத்துச் சார் கையில் பெட்டியைக் கொடுத்தோம். "எதுக்கும்மா இதெல்லாம்" என்று வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டார்.

விசேஷத்தன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கூட்டமாகப் போனோம். ஹாலில் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். நான் தேர்ந்தெடுத்ததுதான், அப்படி எரிந்தது. என் பிள்ளை மேடையில் பரிசு வாங்குவதைப் பார்ப்பதுபோல ஒரு பூரிப்பு. கீழே மேனேஜரும் ஆபீஸ்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் "ஜூமர் ரொம்ப நல்லா இருக்கே" என்றார். சார் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"பெங்களூர்ல தேடிப் புடிச்சு வாங்குனது சார். நம்ம ஊர்ல இந்தத் தரம் ஏது?"

நான் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்த பிறகாவது நாக்கைக் கடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "இன்னாம்மா இங்க நிக்கிறீங்க? பின்னாடி போய் உக்காருங்க, பெரியவங்க பந்தி முடியட்டும்" என்றார்.

பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். எங்கள் பந்தி வந்தபோது சாம்பாரில் காய் இல்லை. தோஸ்த்து காதில் சொன்னாள், "விடுடி, நம்ம குடுத்தது எரியுதில்ல, அது போதும்." அவளுக்குப் போதும். எனக்கு வயிறு எரிந்தது. அங்கேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். மறுநாள் காலையில் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும், அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு லீவு. வாயை மூடிக்கொண்டேன். அன்று விழுங்கியதுதான், இத்தனை வருஷம் செரிக்கவே இல்லை.

அப்புறம் அவரை வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். லைனில் எல்லோரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. மேல்தோலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம், என்றாவது ஒரு நாள் அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வாக்கியம் தைத்துக்கொண்டிருந்தேன். பிரித்துப் பிரித்துத் தைத்ததில் வாக்கியம் நன்றாகவே அமைந்துவிட்டது. சொல்ல ஒரு இடம்தான் வேண்டியிருந்தது. வீடு கட்டத் தொடங்கியதும் இடம் கிடைத்துவிட்டது.

பழைய ஓட்டு வீட்டை இடித்து, ஒரு ஹால், இரண்டு அறை, ஒரு சமையலறை. என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், எதற்கும் அதிகம் ஆசைப்படாதவர். "ட்யூப்லைட்டு போதாதா? இன்னாத்துக்கு இந்த பேஜார்?" என்றார். போதாது என்றேன்.

முதல் சிக்கல் கொக்கி. கூரை போடும்போது ஹாலுக்கு நடுவில் ஃபேனுக்கென்று மேஸ்திரி ஒரே ஒரு கொக்கிதான் விட்டிருந்தார். ஜூமர் மாட்டினால் ஃபேன் கிடையாது. எங்கள் பக்கத்து வெயிலில் ஃபேன் இல்லாத ஹாலில் மனுஷர் இருக்க முடியுமா? வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சிரித்தார், விவகாரம் முடிந்தது என்று நினைத்துவிட்டார் போல. நான் சுவரில் மாட்டுகிற ஃபேன் ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அது ஹாலில் பாதிக்குத்தான் காற்று தரும். மீதிப் பாதியில் யாரை உட்கார வைப்பது என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அதே பாய் கடைக்குப் போனோம். பாய்க்கு என்னை நினைவிருந்தது. "ஷூ மாதிரி செக் பண்ண அம்மாவா?" என்று நாற்காலி போட்டார். மேலே பார்த்ததும் என் கண் ஐந்தடுக்கு ஜூமர் ஒன்றில் போய் நின்றது. கோயில் தேரைக் கவிழ்த்துத் தொங்கவிட்டதுபோல அத்தனை பெரிது. அவருடையது ஒற்றை அடுக்கு. ஐந்து அடுக்கு என்றால் நடுத்தெருவில் வைத்து அறைந்ததற்குச் சமம். அதுதான் வேண்டும் என்றேன்.

"உங்க ஹால் உயரம் எவ்ளோ?" என்றார் பாய்.

வீட்டுக்காரர் கையைத் தூக்கிக் காட்டினார். பாய் தலையை ஆட்டினார்.

"உங்க ஹாலுக்கு இது ஜாஸ்திம்மா. தலையில இடிக்கும். வர்றவங்க அண்ணாந்து பாக்க மாட்டாங்க, குனிஞ்சி போவாங்க."

அந்த ஒரு வார்த்தையில் நான் அடங்கினேன். அவர் குனிந்து போய்விட்டால் நான் யார் முகத்தைப் பார்ப்பது? அவர் அண்ணாந்து பார்த்தே ஆக வேண்டும். சரி, சின்னதாகக் காட்டுங்கள் என்றேன்.

பச்சை, சிவப்பு, நீலம் என்று மாறி மாறி எரிகிற ஒன்றைக் காட்டினார். கல்யாண மண்டபத்து வாசல்போல இருந்தது, வேண்டாம் என்றேன். அடுத்தது தங்க முலாம் பூசியது, தூக்கினால் தக்கையாக இருந்தது. சொட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி என்றால் சில்லென்று இருக்க வேண்டும், இது இல்லை. பிளாஸ்டிக். ரெண்டு வெயில் காலம் போனால் மஞ்சளாகிவிடும், அதைப் பார்த்து அவர்தான் சிரிப்பார். அதையும் ஒதுக்கினேன். வீட்டுக்காரர் கடை வாசலில் டீ குடிக்கப் போய்விட்டார்.

கடைசியாகப் பாய் ஒரு மூலையில் இருந்து மூன்றடுக்கு ஒன்றை இறக்கினார். மேலே ஒரு வளையம், அதற்குள் அடங்குகிற மாதிரி கீழே ஒன்று, அதற்கும் கீழே வளையல் போல ஒன்று. அடுக்குக்கு அடுக்கு சொட்டு. அடியில் நெல்லிக்காய் அளவு ஒரு கண்ணாடி உருண்டை. கையை விரித்தால் முழுக்கப் பிடித்துவிடலாம், அவ்வளவு சின்னது. ஒவ்வொரு சொட்டாகப் பார்த்தேன். ஒதுக்க ஒன்றுகூட இல்லை, எனக்கே ஏமாற்றமாக இருந்தது.

பல்பு வெள்ளையா மஞ்சளா என்று கேட்டார் பாய். வெள்ளை என்றால் முகத்தில் இருக்கிறதெல்லாம் பளிச்சென்று தெரியும். அவர் முகம் போகிற போக்கு நன்றாகத் தெரியட்டும் என்று வெள்ளைக்கு ஆசைப்பட்டேன். ஆனால் அதே வெளிச்சம் என் முகத்திலும் விழுமே. மஞ்சள் என்றேன்.

பாய் மாட்டி சுவிட்சைப் போட்டார். கடைச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சம் சிதறி நடுங்கியது. என் புடவையில், பாய் தாடியில், அடுக்கி வைத்திருந்த ஸ்விட்ச் பெட்டிகளில். ஒரு நிமிஷம் எனக்கு எதுவுமே நினைவில் இல்லை. இது என் வீடு, இது என் விளக்கு, பிள்ளைகள் இதன் கீழே உட்கார்ந்து படிப்பார்கள் என்று மட்டும் தோன்றியது. அப்புறம் அவர் நினைவு வந்தது. என் வீட்டு விளக்கைப் பார்த்து நான் சந்தோஷப்படும்போதுகூட நடுவில் அந்த ஆள் வந்து நிற்கிறாரே என்று அவர் மேல் இன்னும் ஆத்திரம் வந்தது. பெட்டி கட்டச் சொன்னேன்.

சாரை அழைக்க நானே அவர் வீட்டுக்கு நேரில் போனேன். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பத்திரிகை. சார் மட்டும்தான் இருந்தார். "அக்காவையும் கூட்டிக்கிட்டு அவசியம் வரணும் சார்" என்றேன். அவ்வளவு குழைவாக நான் யாரிடமும் பேசியதில்லை. "வராம இருப்பேனா?" என்றார். முதல் வரிசையில் உட்கார்ந்து மரியாதை வாங்கிக்கொள்வதென்றால் அவர் எங்கேயும் வருவார்.

விசேஷத்தன்று லைனே வந்திருந்தது. சாரும் அவர் மனைவியும் வந்தார்கள். சாரை வரவேற்று, சுவர் ஃபேன் எட்டாத பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அந்த அக்காவைக் காற்று வருகிற பக்கம் உட்கார வைத்தேன், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. மெலிந்த உருவம், மெதுவான பேச்சு, கையில் எங்களுக்கென்று ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. சுவிட்சைப் போட்டேன். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் பார்த்தது சாரை மட்டும்தான். என் வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அதற்குள் அந்த அக்கா பேசிவிட்டார்.

"அழகா இருக்குதும்மா. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. இவரு பெங்களூர்ல ரெண்டு நாளு தங்கி, கடை கடையா ஏறி எறங்கி எனக்கோசரம் வாங்கியாந்தாரு. கல்யாணம் ஆனதுல இருந்து எனக்குன்னு அவரு பாத்து வாங்குனது அது ஒண்ணுதான். வேலைக்காரிகிட்ட கூட உட மாட்டேன், நானே ஸ்டூல் போட்டு ஏறித் தொடைப்பேன்."

இத்தனை வருஷம் தைத்த வாக்கியம் சாருக்கு அளவெடுத்தது, இந்த அக்காவுக்கு இல்லை. சார் என்னைப் பார்த்தார். கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்த ஒரு பார்வையோடு அவர் சும்மா இருந்திருந்தால் நானும் பாயசம் எடுத்து வரப் போயிருப்பேன். நான் தயங்கியதைப் பார்த்ததும் மனுஷருக்குத் தைரியம் வந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மேலே பார்த்துச் சொன்னார்:

"இது லோக்கல் சரக்குதான? பாத்தாலே தெரியுது."

"ஆமா சார், லோக்கல் சரக்குதான்" என்றேன். "உங்க வீட்ல எரியறதும் இதே கடையில எடுத்ததுதான். பாய்கிட்ட உக்காந்து ஒவ்வொரு சொட்டா நான்தான் பாத்து எடுத்தேன். லைன்ல எல்லாரும் சேர்ந்து உங்க கையில குடுத்தோம். மறந்துட்டீங்களா?"

தோஸ்த்து, விடுடி என்று அன்று சொன்னவள், எழுந்து நின்று "ஆமாக்கா, நானும்தான் கூடப் போனேன்" என்றாள். பின்னால் இருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். சார் முகம் நான் ஆசைப்பட்டதைவிட நன்றாகவே தொங்கியது. மஞ்சள் வெளிச்சத்திலேயே தெரிந்தது.

அந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீதான் எடுத்தியா?"

"ஆமாக்கா."

"நல்லா பாத்து எடுத்துருக்க." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சார் பக்கம் திரும்பினார். குரல் உயரவே இல்லை.

"அப்ப அந்த ரெண்டு நாளு பெங்களூர்ல இன்னா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

சார் மீட்டிங் என்றார். பிறகு ஒரு நண்பருக்கு உடம்பு சரியில்லை என்றார். நெற்றியில் இருந்து வேர்வை ஊற்றியது. என் வீட்டுக்காரர் பாவம் பார்த்து ஃபேனை அவர் பக்கம் திருப்பப் போனார், நான் முறைத்ததும் உட்கார்ந்துவிட்டார். அந்த அக்கா எதுவும் நடக்காததுபோல எழுந்து வந்து எங்கள் லைன் பெண்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாயசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். சார் சாப்பிடவில்லை.

எனக்குப் பாவமாக இருந்ததா என்று தோஸ்த்து மறுநாள் பஸ்ஸில் கேட்டாள். அந்த அக்காவுக்காக இருந்தது. அவருக்காக ஒரு துளியும் இல்லை. நான் கேட்க நினைத்தது ஒரு ஜூமரைப் பற்றித்தான், பெங்களூரை நான் கனவிலும் நினைக்கவில்லை. அது அவர் தானாகச் சேர்த்து வைத்துக்கொண்டது.

சில வாரம் கழித்து அந்த அக்கா போன் செய்தார். என் நம்பரை யாரிடமோ வாங்கியிருக்கிறார். திட்டப் போகிறார் என்று நினைத்து எடுத்தேன்.

"ஜூமர கழட்டிடலாம்னு சொல்றாரு" என்றார். "நான் உடல. சோத்து மேசைய இழுத்து அதுக்கு நேரா கீழ போட்டுட்டேன். மூணு வேளையும் அங்கதான் தட்டு வெக்கிறேன். பகல்லயும் எரியுது. பெங்களூர் கதைய வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் எரியட்டும்."

"இன்னும் சொல்லலையாக்கா?"

"சொல்லல. சொட்டு ஒண்ணு கம்மியா இருக்குது, அந்தக் கடையில கெடைக்குமா? கேட்டு வாங்கி வெச்சிரு."

கிடைக்கும் என்றேன். போனை வைத்துவிட்டுத் தனியாக நின்று சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். அவர் அண்ணாந்து பார்க்க முடியாமல் குனிந்து சாப்பிடுவதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அப்புறம்தான் அந்த மேசையில் எதிர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார் என்பது உறைத்தது. அந்த அக்காவும் மூன்று வேளையும் அதன் கீழேதான் சாப்பிடுகிறார்.